தேயிலைக் கொழுந்தில் நொதியத்தின் வேலையைக் கண்ணால் காண்பது எப்படி?

நொதியம் என்பது உயிர்க் கலங்களில் நிகழும் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதம் என்று பாடநூலில் படித்து, பரீட்சையிலும் அவ்வாறே எழுதிவிட்டு வரும் மாணவர்களுள் பலருக்கு, அந்தப் புரதம் வேலை செய்வதைப் பார்க்கும் வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை. மலையகப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூட வசதி குறைவு என்பது உண்மைதான். ஆனால் நொதியத்தைப் பற்றி அறிவதற்கு அது பெரிய தடையன்று. நுவரெலியாவிலோ அட்டனிலோ பண்டாரவளையிலோ லயக் குடியிருப்புக்கு எதிரே நிற்கும் தேயிலைச் செடியில், வெறுங்கண்ணால் பார்க்கத்தக்க அளவுக்கு நிறம் மாற்றும் ஒரு நொதியம் நிறைந்திருக்கிறது. ஓர் அம்மி, இடியப்பம் அவிக்கும் பாத்திரம், சில வெள்ளைத் தட்டுகள், தேசிக்காய், வினாகிரி ஆகியவை இருந்தால் போதும். தரம் 10 முதல் உயர்தரம் வரையிலான மாணவர்களும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதனைச் செய்து பார்க்கலாம்.

அந்த நொதியத்தின் பெயர் பொலிபீனோல் ஒட்சிடேசு. அது தாக்குகின்ற பொருள்கள், அதாவது அதன் கீழ்ப்படைகள், கட்டேச்சின்கள் எனப்படும் பொலிபீனோல்கள். இளங்கொழுந்தின் உலர் நிறையில் ஏறத்தாழக் கால் பங்கு பொலிபீனோல்களே. இவ்வளவு கீழ்ப்படையும் அதனைத் தாக்கும் நொதியமும் ஒரே கலத்துள் இருந்தும், செடியில் நிற்கும் வரை கொழுந்து பச்சையாகவே இருக்கிறது. ஏன் என்று கேட்பதிலிருந்துதான் இந்தப் பரிசோதனை தொடங்க வேண்டும். விடை தெரியாமல் இலையை நசுக்குவதில் பயனில்லை.

கலத்தினுள் எது எங்கே இருக்கிறது

தாவரக் கலத்தின் பெரும்பகுதியை நிரப்பி நிற்பது புன்வெற்றிடம் என்ற நீர்மப் பை. கட்டேச்சின்கள் பெரும்பாலும் அதனுள் கரைந்து கிடக்கின்றன. பொலிபீனோல் ஒட்சிடேசு இருப்பதோ, இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பான பச்சையவுருமணியில். இரண்டுக்கும் இடையில் இருப்பவை கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்காலான மென்சவ்வுகள். அவை ஒவ்வொன்றின் தடிப்பும் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஏழெட்டுப் பங்கு மட்டுமே. அத்தனை மெல்லிய தடுப்பு கிழியாதிருக்கும் வரை தாக்கம் நிகழாது.

நொதியம் பச்சையவுருமணிக்குள் எவ்வாறு சென்றது என்பதும் கவனிக்கத்தக்கது. அதனை ஆக்குவதற்கான தகவல் கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. மூலக்கூறில் இருக்கிறது. அத்தகவல் ஆர்.என்.ஏ. மூலக்கூறாகப் படியெடுக்கப்பட்டு, கருவுக்கு வெளியேயுள்ள குழியவுருவுக்கு வர, அங்கு புரதங்களை ஆக்கும் இறைபோசோம்கள் அதனைப் படித்து, இருபது வகை அமினோ அமிலங்களை உரிய வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கின்றன. இவ்வாறு உருவாகும் சங்கிலியின் முன்முனையில், அப்புரதம் பச்சையவுருமணிக்குச் செல்ல வேண்டியது என்பதைக் காட்டும் ஒரு துண்டு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அந்தத் துண்டு வெட்டி நீக்கப்படுகிறது. புரதங்கள் தாம் செல்ல வேண்டிய இடத்துக்கான அடையாளத்தைத் தம்முள்ளேயே கொண்டிருக்கின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காகக் குந்தர் புளோபெலுக்கு 1999ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே ஒரு புரதத்தைப் பற்றிப் பேசும்போது அதன் வடிவத்தை மட்டுமன்றி, அது இருக்கும் இடத்தையும் சேர்த்தே பேச வேண்டும். நமது பாடக்குறிப்புகளில் வடிவத்துக்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதிகூட இடத்துக்குக் கிடைப்பதில்லை என்பது எனது குறை.

கொழுந்தைத் தெரிவு செய்தல்

தோட்ட நிர்வாகத்திடமோ சிறுதோட்ட உரிமையாளரிடமோ அனுமதி பெற்று, அண்மையில் மருந்து தெளிக்கப்படாத தேயிலை மலையிலிருந்து ஒரு கையளவு கொழுந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலையும் ஓர் அரும்புமாக இருக்கட்டும். முற்றிய இலையில் கட்டேச்சின் குறைவு, நாரும் மிகுதி. பரிசோதனைக்கான கொழுந்து முழுவதையும் ஒரே செடியிலிருந்து பறிப்பது நல்லது. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலை மலைகளில் பக்கத்துச் செடிகள் இரண்டுகூட மரபியல் முறையில் வேறுபட்டவை; அவற்றில் ஒன்று விரைவாகச் சிவக்கும், மற்றொன்று மெதுவாகச் சிவக்கும். வி.பி. மலையாயின், அதாவது பதியமுறையில் வளர்த்த மலையாயின், செடிகள் ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டி நட்டவை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. சிவக்கும் வேகத்தில் உள்ள இந்த வேறுபாடு தேயிலைச் செடிகளைத் தெரிவு செய்வோருக்குப் பயனுள்ள ஒன்று: இலையைக் குளோரோபோம் ஆவியில் வைத்து அது எவ்வளவு விரைவாகப் பழுப்பாகிறது என்று பார்த்தே அதன் தன்மையை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அந்த ஆவி மென்சவ்வுகளைக் குலைத்துவிடுவதால் இலையை நசுக்க வேண்டிய அவசியமே இல்லை. குளோரோபோம் நச்சுத்தன்மை வாய்ந்தது. அதனை வீட்டிலோ வகுப்பறையிலோ முயலக் கூடாது.

பறித்த கொழுந்தைப் பையில் அழுத்தி அடைக்க வேண்டாம். கூடையிலும் சாக்கிலும் கொழுந்தைத் திணிக்கக் கூடாது என்று, கொழுந்து நிறுக்கும் இடமான மடுவத்தில் சொல்லப்படுவதன் காரணமும் இதுவே: நசுங்கிய இடத்தில் மென்சவ்வு கிழிந்து, தொழிற்சாலைக்குப் போய்ச் சேருமுன்னரே தாக்கம் தொடங்கிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்தித்தாளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஓர் இரவு நிழலில் வாடவிடுங்கள். மறுநாள் காலையில் தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். வாடிய இலையில் கலச்சாறு செறிவடைந்திருப்பதுடன், மென்சவ்வுகளும் ஓரளவு கசியத் தொடங்கியிருக்கும்.

முதற் பரிசோதனை

வாடிய கொழுந்தை மூன்று சம பங்குகளாகப் பிரியுங்கள். முதற் பங்கை ஒன்றும் செய்யாமல் ஒரு வெள்ளைத் தட்டில் வையுங்கள். இரண்டாம் பங்கை அம்மியில் நன்றாக அரைத்து, மற்றொரு தட்டில் மெல்லிய படையாகப் பரப்புங்கள். மூன்றாம் பங்கை, நீர் நன்றாகக் கொதித்து ஆவி எழும் இடியப்பப் பாத்திரத்தில் பரப்பி மூடி, இரண்டு மூன்று நிமிடங்கள் அவித்து, உடனே ஆற வைத்து, கழுவிய அம்மியில் அதே அளவுக்கு அரைத்துப் பரப்புங்கள். இரும்பு உரலை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். பொலிபீனோல்கள் இரும்புடன் சேர்ந்து கருநீல நிறம் தரும். அது நொதியத்தின் வேலை என்று தவறாக எண்ணப்படும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு நீர் 94 பாகை செல்சியசை ஒட்டிக் கொதித்துவிடும். சோறு வேக நேரமாவதற்கு அது காரணமாகலாம், நமது பரிசோதனைக்கு அது இடையூறன்று. இந்த நொதியம் 80 பாகைக்கு மேல் சில நிமிடங்களுக்குள் செயலிழந்துவிடும்.

கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை மூன்று தட்டுகளையும் பார்த்து நிறத்தைக் குறித்து வாருங்கள். கைத்தொலைபேசியில் படமெடுப்பதாயின் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தட்டுகளுக்கு அருகில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுங்கள். அரைத்த பச்சை இலை முதலில் விளிம்புகளில் மஞ்சள் கலந்த பழுப்பாகி, பின்னர் செப்புக்காசின் நிறத்துக்கு வரும். அதனோடு பச்சிலை வாசம் போய், பழம் கனிந்தாற் போன்ற வாசம் எழும். முழு இலை பச்சையாகவே இருக்கும். அவித்து அரைத்ததும் பச்சையாகவே இருக்கும், ஆனால் அந்தப் பச்சை சற்று மங்கியதாக, ஒலிவ நிறமாகத் தெரியக்கூடும். நீண்ட நேரம் அவித்தால் பச்சையத்திலிருந்து மகனீசியம் நீங்குவதனால் வருவது அது. பழுப்பு என்று குறித்துவிடாதீர்கள்.

இனி, அரைத்த பச்சை இலையில் ஒரு பிடியைக் கையால் இறுக்கித் தேசிக்காயளவு உருண்டையாகப் பிடித்து, தனியே வையுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அதனை இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளித்தோல் முழுவதும் செம்பழுப்பாகியிருக்க, நடுப்பகுதி பச்சை மாறாமல் ஈரமாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையும் தெளிவாகத் தெரியும். பிளந்த முகத்தை மேல்நோக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தால், அந்தப் பச்சையும் கண்முன்னே மங்கத் தொடங்கும். நொதியமும் கட்டேச்சினும் நடுவிலும் கலந்துதான் இருந்தன. அங்கு இல்லாதிருந்தது ஒட்சிசன். இந்தப் பரிசோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே, ஏனெனில் இத்தாக்கத்துக்கு மூன்றாவது மூலக்கூறு ஒன்று தேவை என்பதை எந்தச் சமன்பாட்டைவிடவும் இந்த உருண்டை தெளிவாகக் காட்டுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தை மெல்லிய படையாகப் பரப்பி, ஈரக்காற்றுப் படும்படி நொதிக்க விடுவதும் இதற்காகவே. அங்கு வேலை செய்வது நுண்ணங்கிகள் அல்ல, இலையின் சொந்த நொதியம்.

நொதியம் செய்வது என்ன

பொலிபீனோல் ஒட்சிடேசின் தாக்க மையத்தில், அதாவது கீழ்ப்படை வந்து பொருந்தும் இடத்தில், இரண்டு செம்பு அயன்கள் அருகருகே பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்திருப்பவை ஹிஸ்ரிடீன் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலிகள். ஒட்சிசன் மூலக்கூறு அச்செம்பு அயன்களுக்கிடையில் கட்டுண்டு நிற்க, கட்டேச்சின் வந்து பொருந்தி, தனது ஐதரசன்களை இழந்து குயினோன் ஆகிறது, ஒட்சிசன் நீராகிறது. நொதியத்தின் பங்கு இத்துடன் முடிந்துவிடுகிறது. குயினோன்கள் மிகுந்த தாக்குதிறன் உடையவையாதலால், அதற்குப் பிறகு அவை தாமாகவே ஒன்றோடொன்று இணைகின்றன. இருவகைக் கட்டேச்சின்களின் குயினோன்கள் சோடி சேர்ந்தால் செம்மஞ்சள் நிறமான தியாபிளேவின் உண்டாகும். தேநீரின் பளபளப்பும் சுறுசுறுப்பான சுவையும் அதனால் வருபவை. மேலும் சிக்கலாக இணைந்தால் பழுப்பு நிறத் தியாரூபிஜின்கள் உண்டாகும். சாயத்தின் கனம் அவற்றால் வருவது.

நொதியமும் கீழ்ப்படையும் பூட்டும் திறப்பும் போலப் பொருந்துகின்றன என்று 1894இல் எமில் பிஷர் கூறிய விளக்கம் இன்றும் வகுப்பறைகளில் செல்லுபடியாகிறது. ஆனால் புரதம் இரும்புப் பூட்டைப் போல விறைத்து நிற்பதன்று. கீழ்ப்படை வந்து சேரும்போது அதன் வடிவமும் சற்று வளைந்து கொடுக்கிறது என்று டானியல் கொஷ்லாண்ட் 1958இல் திருத்திக் கூறினார். உயர்தர மாணவர்கள் இரண்டையும் எழுதப் பழகுவது நன்று. மேலும், கீழ்ப்படை நொதியத்தைத் தேடிக்கொண்டு வருவதில்லை. நெருக்கமான குழியவுருவில் மூலக்கூறுகள் யாவும் வெப்ப இயக்கத்தினால் இடைவிடாமல் முட்டி மோதிக்கொண்டிருக்க, அந்த மோதல்களுள் சில மட்டுமே சரியான பக்கத்தில், சரியான திசையில் நிகழ்கின்றன. அவைதாம் தாக்கமாகின்றன.

அவித்தபோது நடந்ததும் இப்போது விளங்கும். அமினோ அமிலங்களைக் கோத்து நிற்கும் வலிய பெப்ரைட்டுப் பிணைப்புகள் அந்த வெப்பத்தில் அறுவதில்லை. சங்கிலியை மடித்து, செம்பு அயன்களை உரிய இடைவெளியில் வைத்திருந்த ஐதரசன் பிணைப்புகள் முதலிய மெல்லிய பிணைப்புகளே கலைகின்றன. அதே அமினோ அமிலங்கள், அதே வரிசை. மடிப்புக் குலைந்ததனால் வேலை நின்றுவிட்டது. பச்சைத் தேயிலை தயாரிப்பில் கொழுந்துக்கு முதலில் ஆவியோ சூடோ காட்டுவது இதற்காகத்தான்.

உறைபனியும் வெப்பநிலையும்

நுவரெலியாவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் சில அதிகாலைகளில் உறைபனி விழும்போது, பள்ளத்தில் நிற்கும் தேயிலை வெயிலேறியதும் கருகிப் போவதைப் பலர் கண்டிருப்பர். அவ்விலைகளை யாரும் நசுக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் இதனை ஆராயலாம்: சில முழுக் கொழுந்துகளைப் பொலித்தீன் உறையில் இட்டு உறைபகுதியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வெளியே எடுத்துத் தட்டில் வைத்தால், பனி உருகி இலை துவளத் துவளப் பழுப்பு பரவும். பனிக்கட்டிப் பளிங்குகள் மென்சவ்வுகளைக் குலைத்துவிட்டன. உருகியதும் நொதியமும் கட்டேச்சினும் கலந்துவிட்டன. இன்னொரு கொழுந்தை முதலில் அவித்து, பின்னர் உறையவைத்து உருக்கிப் பாருங்கள். மென்சவ்வு அதிலும் குலைந்திருக்கும், இலை துவளும், பழுப்பு மட்டும் வராது.

வெப்பநிலையின் செல்வாக்கை அறிய, அரைத்த இலையைச் சம அளவில் மூன்று சிறு தட்டுகளில் பரப்பி, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியிலும், ஒன்றை அறையிலும், ஒன்றை வெதுவெதுப்பான நீர் நிரம்பிய பாத்திரத்தின் மேலும் வையுங்கள். குளிர்ந்தது பின்தங்கும், வெதுவெதுப்பானது முந்தும். நொதியம் குலையாத எல்லைக்குள், 10 பாகை கூடும்போது வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாவது பொதுவாகக் காணப்படும் அளவு. ஆகையால் நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் இரண்டு மணித்தியாலம் எடுக்கும் நிறமாற்றம், கண்டியில் அதனினும் மிக விரைவில் முடியக்கூடும். வேறு ஊரிலுள்ள நண்பரின் பெறுபேற்றுடன் ஒப்பிடுவதாயின் அறை வெப்பநிலையையும் எழுதி வையுங்கள்.

தேசிக்காயும் வினாகிரியும்

அரைத்த பச்சை இலையின் ஒரு பகுதியில் தேசிக்காய்ச் சாற்றையும், மற்றொரு பகுதியில் வினாகிரியையும், மூன்றாவதில் அதே அளவு வெறும் நீரையும் அரைத்த உடனேயே கலந்து வையுங்கள். நீர் கலந்தது பழுப்பாகும். மற்றவை இரண்டும் பின்தங்கும். இவற்றில் தேசிக்காய்ச் சாறு இரண்டு வழிகளில் வேலை செய்கிறது என்பதனால்தான் வினாகிரியும் தேவைப்படுகிறது. இந்த நொதியம் மென்மையான அமிலத்தன்மையில், அதாவது பி.எச். பெறுமானம் 5 முதல் 6 வரை உள்ளபோது நன்றாக இயங்கும். வினாகிரியும் தேசிக்காயும் பி.எச். பெறுமானத்தை அதனினும் வெகுவாகக் குறைத்து, தாக்க மையத்தின் மின்னேற்றங்களை மாற்றிவிடுகின்றன. தேசிக்காயிலோ அதற்கு மேலாக விற்றமின் சி இருக்கிறது. அது உண்டாகும் குயினோனை மறுபடியும் கட்டேச்சினாக மாற்றிவிடும். நொதியம் ஓடிக்கொண்டிருந்தாலும் நிறம் சேராது.

பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்ததும் சாயம் வெளிறுவதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உலர்த்திய தேயிலையில் வேலை செய்யும் நொதியம் எஞ்சியிருப்பதில்லை. அங்கு நிகழ்வது, அமிலத்தில் தியாரூபிஜின்களின் மின்னேற்றம் மாறுவதால் வரும் நிறமாற்றம் மட்டுமே.

அவித்து அரைத்த பச்சை இலையில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவை நீரில் கரைத்து ஊற்றினால், நொதியம் செத்துப்போன அந்த இலையும் மெல்ல மெல்லப் பழுப்பாவதைக் காணலாம். காரத்தன்மையில் கட்டேச்சின்கள் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் தாமாகவே தாக்கமுறும். நொதியம் நடக்க முடியாத ஒன்றை நடத்திவைப்பதில்லை, நடக்கக்கூடியதை விரைவுபடுத்துகிறது என்பதற்கு இது நல்ல சான்று. அம்மியைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் அடுத்த பங்கை அரைத்தவர்களுக்கு, அவித்த இலையும் பழுப்பாகித் தோன்றுவதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

தேயிலை கிடைக்காதவர்கள் உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பச்சைத் துண்டின் மேலும் ஓர் அவித்த துண்டின் மேலும் மருந்தகத்தில் கிடைக்கும் ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலைச் சில துளிகள் விட்டால், பச்சைத் துண்டு மட்டும் நுரைக்கும். அது கற்றலேசு என்ற இரும்பு கொண்ட நொதியத்தின் வேலை. அதன் ஒரு மூலக்கூறு ஒரு செக்கனில் பல இலட்சம் பரவொட்சைட்டு மூலக்கூறுகளை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கக்கூடியது. கரைசல் கையிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்த்த நிறம் வராவிட்டால் முதலில் அரைத்த அளவைச் சந்தேகியுங்கள். கிழித்த இலையும் அரைத்த இலையும் ஒன்றல்ல. விரலால் தொட்டால் சாறு ஒட்டும் அளவுக்கு அரைய வேண்டும். அடுத்ததாகப் படையின் தடிப்பைப் பாருங்கள். அதன் பின்னர், அவித்த பங்கு பழுப்பானால் ஆவி எல்லா இலைக்கும் படவில்லை என்று கொண்டு, குறைந்த இலையை மெல்லிதாகப் பரப்பி மறுபடி அவியுங்கள். பரிசோதித்த இலையைச் சுவைக்கவோ தேநீராக்கவோ வேண்டாம். தோட்டத்தில் எப்போது என்ன தெளிக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. எஞ்சியதைச் செடியின் தூரில் கொட்டிவிடலாம்.